கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்: வீட்டை விரிவாக்குவோர் அறிய வேண்டிய அபாயங்களும் உரிமைகளும்

மாடியில் ஓர் அறை, பக்கவாட்டில் ஒரு சமையலறை, வெளிப்புறம் ஒரு மாடிப்படி எனக் கோவை அருகே பெரியநாயக்கன்பாளையத்திலும் மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டிய மற்ற ஊர்களிலும் வீடுகள் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. இத்தகைய சிறு வேலைகள் பல பொறியாளர் இல்லாமலே நடக்கின்றன. வீட்டுக்காரரே சிமென்ட், கம்பி, ஜல்லி, எம்-சாண்ட் வாங்கிப் போட்டு, மேஸ்திரியையும் சித்தாள்களையும் நாள் கூலிக்கு வைத்து, தாமும் கூடவே நின்று வேலை செய்கிறார். பூச்சிலோ வண்ணத்திலோ தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ளலாம். அஸ்திவாரம், தூண், பீம், தளம் ஆகியவற்றில் அது எளிதல்ல. ஊற்றிய கான்கிரீட் உள்ளே இருக்கும் பிழையை மூடிவிடும். பாதுகாப்பும், பின்னாளில் இழப்பீடு கேட்கும் உரிமையும் பெரும்பாலும் ஊற்றுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகின்றன.

அனுமதியும் பொறுப்பும்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளன. ஏற்கெனவே உள்ள வீட்டில் அறையோ தளமோ கூட்டுவதற்கும் அனுமதி வேண்டும். பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்கான உள்ளாட்சி அமைப்பு பேரூராட்சி. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் கட்டப்படும் வீட்டுக்கு, கள ஆய்வுக்குக் காத்திராமல் இணையவழியிலேயே அனுமதி கிடைக்கிறது. சிறு வீடுகளுக்குப் பணி நிறைவுச் சான்றும் கட்டாயமில்லை.

அலைச்சல் குறைந்தது நல்லதுதான். ஆனால் கம்பியும் கலவையும் சரியாக உள்ளனவா என்று அரசுத் தரப்பில் யாரும் வந்து பார்ப்பதில்லை என்பதையும் வீட்டுக்காரர் உணர வேண்டும். அனுமதி என்பது மனை, உயரம், பக்க இடைவெளி ஆகியவற்றுக்கான ஒப்புதல். தளம் பாரம் தாங்கும் என்ற உறுதி அதில் இல்லை. அனுமதியின்றிக் கட்டினால், 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி வேலையை நிறுத்தவும், கட்டடத்தைப் பூட்டி முத்திரையிடவும், இடிக்கவும் அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு.

பழைய வீடு தாங்குமா?

தூண் இல்லாமல் சுவர்மேல் நிற்கும் பழைய வீடுகள், அன்று கட்டிய பாரத்துக்கு மட்டுமே அஸ்திவாரம் பெற்றவை. அவற்றின்மேல் கான்கிரீட் தளம் ஏற்றினால் பாரம் பல மடங்காகலாம். ஐந்து அங்குலத் தளம் ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, ஏறக்குறைய மூன்று டன் எடை வரும். கோவை வட்டாரத்தில் செம்மண்ணும் கரிசலும் மாறிமாறி வருகின்றன. கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதில் ஆழமில்லாத அஸ்திவாரம் போட்டால், புதிய பகுதி தனியாக இறங்கிப் பழைய சுவரோடு சேரும் இடத்தில் விரிசல் விழும்.

நிலநடுக்கமும் கோவைக்குப் புதிதல்ல. 1900 பிப்ரவரி 8 அன்று ஏறக்குறைய 6 ரிக்டர் அளவில் இப்பகுதி குலுங்கியது. எனவே தூண், பீம், தளம் சேர்க்கும் எந்த வேலைக்கும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பழைய அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்து, கம்பி விவரத்துடன் வரைபடம் தர வேண்டும். மொத்தச் செலவில் இது சிறு பங்கு.

கலவை, கம்பி, முட்டு

ஐ.எஸ். 456 தரக் குறிப்பின்படி கம்பியிட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் எம்-20. ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்பது நடைமுறையில் உள்ள அளவு. 50 கிலோ மூட்டைக்குத் தண்ணீர் 27 லிட்டருக்குள் இருக்க வேண்டும். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையும். கலவை எளிதாக ஓட வேண்டும் என்று சேர்க்கப்படும் ஒவ்வொரு வாளித் தண்ணீரும் வலிமையைக் குறைக்கிறது. எம்-சாண்ட் என்ற பெயரில் கிரஷர் தூள் வந்து இறங்குவதும் உண்டு. பொதுப்பணித்துறையின் மதிப்பீட்டுச் சான்று பெற்ற ஆலையில், பில்லோடு வாங்குவதே பாதுகாப்பு.

கம்பியைச் சுற்றிக் கான்கிரீட் மூட வேண்டிய கனம் அஸ்திவாரத்தில் 50 மி.மீ., தூணில் 40, தளத்தில் 20. இதற்குக் கவர் பிளாக் வைக்க வேண்டும். ஜல்லித் துண்டு வைத்தால் கம்பி துருப்பிடிக்க வழியாகும். சன்ஷேடு, பால்கனி போல ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ள பகுதிகளில் முதன்மைக் கம்பி மேற்புறம் இருக்க வேண்டும். ஊற்றும்போது மிதிபட்டு அது கீழே இறங்கினால், முட்டு எடுத்த அன்றே சரிந்து விழக்கூடும்.

சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டில் 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகளை 7 நாளுக்கு முன்பும், அதற்கு மேற்பட்டதை 14 நாளுக்கு முன்பும் எடுக்கக் கூடாது. 6 மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். கடைகளில் அதிகம் கிடைக்கும் பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொசோலானா) சிமென்ட் மெதுவாக இறுகுவதால் கூடுதல் நாள் வேண்டும். அதற்குப் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கும் காலம் குறைந்தது 10 நாள். 14 நாள் நல்லது.

அக்கம்பக்கமும் வேலையாட்களும்

2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் கனமழையில் சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் ஒன்று இடிந்து, ஒட்டியிருந்த வீடுகள்மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தனர். ஒருவர் தம் மனைக்குள் கட்டுவது பக்கத்து வீட்டாரின் உயிரையும் தொடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று இவ்வட்டாரத்தில் இல்லை. கட்டும்போதோ பழுது பார்க்கும்போதோ இடிக்கும்போதோ போதிய பாதுகாப்புச் செய்யாதிருப்பது பாரதிய நியாய சன்ஹிதா 290-ஆம் பிரிவின்படி குற்றம். கவனக்குறைவால் உயிரிழப்பு நேர்ந்தால் 106-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

மாடிக்குக் கம்பி ஏற்றும்போது மின்கம்பியில் உரசுவது உயிரைப் பறிக்கும். வேலைக்கு முன் மின்வாரியத்திடம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வேலையாட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு பெற்றவர்களா என்றும் பார்க்க வேண்டும். விபத்துக்கால உதவிக்கு அப்பதிவு துணை நிற்கும்.

தீர்வுகள்

கட்டுமானமும் சேவையே என்பதால், ஒப்பந்ததாரர் செய்த குறைக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தீர்வு உண்டு. செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. ஆனால் முதலாளியாக நின்று, சொல்லச் சொல்ல நாள் கூலிக்கு வேலை வாங்கினால் அது இச்சட்டத்தின் சேவை வரையறைக்குள் வராமல் போகலாம். அப்போது தரமற்ற சிமென்ட், கம்பி போன்ற பொருள்களுக்காக மட்டுமே விற்றவர்மீதும் தயாரித்தவர்மீதும் கோர முடியும். கூலிக்கு வேலை வாங்குவோர் இதை முன்பே அறிந்திருப்பது நல்லது.

எழுத்து ஒப்பந்தம், பொறியாளர் கையொப்பமிட்ட வரைபடம், பொருள்களின் பில், மூட்டையிலும் கம்பியிலும் உள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரையின் படம், ஊற்றுவதற்கு முன் எடுத்த கம்பிக்கட்டின் தேதியிட்ட படங்கள் ஆகியவையே வழக்கில் நிற்கும் சான்றுகள். ஊற்றும் நாளில் 150 மி.மீ. கட்டிகள் வார்த்து, 28-ஆம் நாள் பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் சோதித்தால் கலவையின் வலிமை தாளில் பதிவாகும். முத்திரை உண்மையா என்பதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம்.

தளத்திலோ பீமிலோ விரிசல் அகன்றால் உடனே முட்டுக் கொடுத்து, ஆட்களை வெளியேற்றி, பொறியாளரை அழைக்க வேண்டும். பூசி மறைத்தால் ஆபத்தோடு சான்றும் மறையும். பக்கத்து மனையின் ஆபத்தான சுவரைப் பற்றிப் பேரூராட்சிச் செயல் அலுவலரிடமும், திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெறலாம். நுகர்வோர் புகாருக்கு 1915, இலவச சட்ட உதவிக்கு 15100 ஆகிய எண்களை அழைக்கலாம்.