பட்டுப்புழுவின் பங்கில் ஒரு கோப்பை

மூணாறில் தேநீர் என்றால் தேயிலைதான். ஆனால் மலையிறங்கி உடுமலைப்பேட்டைக்கு வந்தால் வயலில் நிற்பது மல்பெரி. பழைய பெயர் முசுக்கட்டை. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களிலும் பட்டுக்காக இதைப் பயிரிடுகிறார்கள். புழுவின் தீனியை மனிதர்கள் காய்ச்சிக் குடிப்பதாவது என்று சிரிப்பு வரலாம்.

ஜப்பானியர் சிரிப்பதில்லை. எய்சாய் என்ற ஜென் துறவி 1211இல் தேநீரைப் பற்றி எழுதிய நூலின் இரண்டாம் பகுதி மல்பெரியின் பெருமையைப் பேசுகிறது. அங்கே பட்டுத்தொழில் நலிந்த பிறகும் ‘குவாச்சா’ என்ற இந்த இலைத் தேநீர் நிலைத்துவிட்டது. 1991 முதல் 2007 வரை ஜப்பான் உதவியுடன் இந்தியாவில் வெண்பட்டு வளர்ப்பு பரவியது. தேநீர் அந்த அளவுக்குப் பரவவில்லை.

செய்முறை எளிது. இளம் இலைகளைக் கழுவி, ஒரு நிமிடம் ஆவி காட்டி, நிழலில் மொறுமொறுவென்று உலர்த்துங்கள். வெறும் வாணலியில் லேசாக வறுத்தால் பச்சை வாசம் குறையும். ஒரு டம்ளர் வெந்நீருக்கு ஒரு சிட்டிகை; நான்கு நிமிடம் மூடிவைத்து வடிகட்டலாம். காஃபின் இல்லாததால் இரவிலும் குடிக்கலாம். பாலும் சர்க்கரையும் போடுவதென்றால் மல்பெரி எதற்கு?

இலையிலுள்ள டிஆக்ஸிநோஜிரிமைசின் என்ற பொருள், மாவுச்சத்து குடலில் சர்க்கரையாக உடைவதைத் தாமதப்படுத்துகிறது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நீரிழிவு மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டே குடிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து சர்க்கரை அதிகம் இறங்கிவிடலாம்.

இலையைப் புழு வளர்ப்பவரிடமே வாங்குங்கள். பூச்சிமருந்தின் வீரியம் அடங்காத தழையை அவர் புழுவுக்கே போடமாட்டார்.