நின்ற கடிகாரமும் நிற்கலாகாத தொழிலும்

சென்ற தை மாதத்தில் நமது நண்பரொருவர் காரியாலயத்திற்கு வந்து, பழைய கைக்கடிகாரம் ஒன்றை நம் மேஜைமீது வைத்தார். அவருடைய தந்தையார் அமெரிக்காவில் கல்வி முடித்துத் திரும்புகையில் வாங்கி வந்ததாம். இரண்டு கடைகளில் காட்டினாராம். ஒரு கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு மௌனமாய்த் திருப்பிக் கொடுத்தார். மற்றவரோ, உள்ளே இருப்பதைக் குப்பையில் எறிந்துவிட்டு, மலிவான குவார்ட்ஸ் யந்திரம் ஒன்றைப் பொருத்தித் தருவதாய்ச் சொன்னார். “இது செத்துப்போனது என்பது மெய்தானா?” என்று நண்பர் நம்மைக் கேட்டார். கடிகார வித்தை நாம் அறியோம். எனினும் விசாரணையின்றி மரண தண்டனை விதிப்பது நியாயமன்று என்பது நாம் பயின்ற சட்டத்தின் முதற் பாடமாதலால், விசாரிக்கத் துணிந்தோம்.

அக்கடிகாரத்தின் வரலாறு சாமானியமானதன்று. அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்து லான்காஸ்டர் நகரில் 1892-ல் ஸ்தாபிக்கப்பட்ட ஹாமில்டன் கம்பெனி, ரயில்வே உத்தியோகஸ்தர்களுக்குக் கடிகாரம் செய்து பேர் பெற்றது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது கப்பல்கள் நடுக்கடலில் தம் இருப்பிடத்தைக் கணிப்பதற்கு வேண்டிய காலமானிகளையும் அது செய்து கொடுத்தது. யுத்தம் முடிந்தபின், 1946 முதல், சாவி கொடுக்க வேண்டாத மின்சாரக் கைக்கடிகாரம் செய்யும் ஆராய்ச்சியில் அக்கம்பெனி இறங்கிற்று. 1952-ல் எல்ஜின் என்னும் அமெரிக்கக் கம்பெனியும் லிப் என்னும் பிரெஞ்சுக் கம்பெனியும் அத்தகைய மாதிரிகளைக் காட்டிவிட்டன. பிறர் முந்திவிடுவரோ என்னும் அச்சத்தில் ஹாமில்டன் விரைந்தது. 1957 ஜனவரி 3-ம் தேதி, 500 என்னும் இலக்கமுள்ள யந்திரத்தோடு, உலகில் விற்பனைக்கு வந்த முதல் மின்சாரக் கைக்கடிகாரத்தை அது வெளியிட்டது. ரிச்சர்ட் ஆர்பிப் என்பவர் கேடயம் போன்று வகுத்த வென்சுரா என்னும் தங்கக் கடிகாரத்தின் விலை 200 டாலர்.

இதன் உட்பொருளை நேயர்கள் அறிவது நலம். சாவி கொடுக்கும் கடிகாரத்தில், இறுகச் சுற்றிய வில் விரிய, அதன் பலம் பற்சக்கரங்களின் வழியே சென்று பாலன்ஸ் சக்கரத்தை ஆட்டுகின்றது. ஹாமில்டனில் இம்முறை தலைகீழாயிற்று. இங்கே பற்சக்கரங்கள் பாலன்ஸை ஆட்டுவதில்லை; பாலன்ஸே பற்சக்கரங்களைத் தள்ளிச் செல்கின்றது. பாலன்ஸின்மேல் மயிரினும் மெல்லிய செப்புக் கம்பியாலான சுருள் ஒன்று இருக்கின்றது. அதனருகே நிலையான காந்தங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு முழு ஊசலிலும் ஒரு முறை, மெல்லிய தொடுகம்பி ஒன்றின் வாயிலாகப் பாட்டரியின் மின்சாரம் சுருளிற் பாய்கின்றது. அக்கணத்தில் சுருளும் காந்தமாகிச் சிறு தள்ளுதல் பெறுகின்றது. இங்ஙனம் மணிக்கு 9,000 முறை, நாளொன்றுக்கு 2,16,000 முறை, அக்கம்பி தொட்டு விலக வேண்டும்.

யந்திரத்தின் பெருமையும் பலவீனமும் அத்தொடுகம்பியே. அது சிறிது வளைந்தாலும், அதன் நுனி சிறிது கருகினாலும், கடிகாரம் நின்றுவிடும். ஊர்தோறுமுள்ள கடிகாரக்காரர்கள் வில்லும் சக்கரமும் அறிந்தவர்களேயன்றி மின்சாரம் அறிந்தவர்களல்லர். புதுமையை விற்க விரைந்த அளவு அதைச் செப்பனிடும் வித்தையைப் பரப்ப முதலாளிகள் விரையவில்லை. பழுதான கடிகாரங்கள் குவிந்தன; பெயர் கெட்டது. 1961-ல் அத்தொடுகம்பிகளை நீக்கி, 505 என்னும் திருந்திய யந்திரத்தைக் கம்பெனி கொணர்ந்தது. ஆனால் 1960-லேயே புலோவா கம்பெனியார், நொடிக்கு 360 முறை அதிரும் இசைக்கவையைக் கொண்ட அக்யூட்ரானை வெளியிட்டுவிட்டனர். 1969 டிசம்பர் 25-ம் தேதி ஜப்பானின் செய்கோ, முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. அவ்வருஷத்தோடு லான்காஸ்டரின் மின்சாரக் கடிகாரத் தொழிலும் முடிந்தது.

இனி நமது விசாரணைக்கு வருவோம். நம் ஊரில் ஒரு மாடிப்படியின் கீழ், மூன்றடி அகலமுள்ள இடத்தில் அமர்ந்து, நாற்பது வருஷங்களாய்க் கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டு சென்றோம். அவர் கண்ணிற் பூதக்கண்ணாடியைப் பொருத்தி நெடுநேரம் உற்றுப் பார்த்தார். “ஐயா, இந்த ஜாதியை நான் கண்டதில்லை. கண்டதில்லை என்பதற்காக முடியாது என்று சொல்லமாட்டேன். இதன் சாஸ்திரம் எங்கேனும் எழுதியிருந்தால் கொண்டு வாருங்கள்” என்றார். கம்பெனியார் அக்காலத்தில் பழுது பார்ப்போருக்கென்று அச்சிட்ட வழிகாட்டிப் புஸ்தகத்தின் பிரதியைத் தேடிப் பெற்றோம். அது இங்கிலீஷில் இருந்தது. பெரியவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆகவே நான்கு மாலை வேளைகளில் அவர் பக்கத்தில் முக்காலி போட்டமர்ந்து, அதை வரி வரியாய்த் தமிழிற் சொன்னோம். நாம் சொல் தெரியாமல் தடுமாறிய இடங்களில், அவர் பொருளைக் கையினாற் காட்டி நமக்கே விளக்கினார்.

அவர் செய்த காரியங்களின் ஒழுங்கைக் குறிப்பிடுகிறோம். முதலாவதாக, கசிந்து பச்சை பூத்திருந்த பழைய பாட்டரியை எடுத்தெறிந்து, அது வைக்கும் இடத்தைத் துப்புரவாக்கினார். இரண்டாவதாக, மீட்டர் வைத்துச் சுருளைச் சோதித்தார். முள் அசைந்தது. கம்பி அறவில்லை என்று கண்டதும், “உயிர் இருக்கிறது” என்றார். மூன்றாவதாக, காந்தங்கள் எஃகை இழுக்குமாதலால், இரும்பு இடுக்கியை ஒதுக்கிப் பித்தளை இடுக்கியைக் கையாண்டார். காந்தத்தில் ஒட்டியிருந்த இரும்புத் தூளையெல்லாம் ஒற்றி எடுத்தார். நான்காவதாக, பற்சக்கரங்களை முற்றும் கழுவி, பிசினாய் உறைந்திருந்த எண்ணெயைப் போக்கினார். பாலன்ஸே சக்கரங்களைத் தள்ள வேண்டியிருத்தலின், அங்கே சிறிது பிசுக்கு இருப்பினும் அதற்குப் பலம் போதாது. சுருளை மாத்திரம் அவர் கழுவும் திரவத்தில் இடவில்லை. கம்பிகளைப் பிணைத்திருக்கும் பூச்சு கரைந்துவிடக்கூடும் என்று அஞ்சினார். இறுதியில், தொடுகம்பியின் நுனியைத் துடைத்து, அதன் சிறு வளைவை மூச்சடக்கி நிமிர்த்தினார். மற்ற இடங்களில் துளி எண்ணெய் இட்டவர், அங்கே ஒரு துளியும் படாமற் காத்தார்.

பழைய பாட்டரி இக்காலத்தில் செய்யப்படுவதில்லை. ஆகையால் 394 என்னும் இலக்கமுள்ள வெள்ளி ஆக்ஸைடு பாட்டரியை, இடைவெளியை அடைக்கும் வளையமொன்றுடன் வைத்தார். பெரியவர் கடிகாரத்தை இலேசாக ஒரு முறை அசைத்தார். பாலன்ஸ் ஆடிற்று, விநாடி முள் நகர்ந்தது. நண்பர் பேசவில்லை, கடிகாரத்தைக் காதருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

இதனை ஒரு தனி மனிதரின் சந்தோஷமென்று நாம் எழுதவில்லை. நம் தேசமும் கடிகாரம் செய்த தேசமே. 1961-ல் பெங்களூரில் ஹெச்.எம்.டி. ஸ்தாபனம், ஜப்பானிய சிட்டிஸன் கம்பெனியின் ஒத்தாசையுடன் கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கிற்று. 2016-ல் அக்கடிகாரக் கம்பெனியை மூட மத்திய சர்க்கார் தீர்மானித்தனர். தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டாக்களும் சேர்ந்து 1984-ல் தோற்றுவித்த டைட்டன், ஓசூரில் வளர்ந்தது. செய்யும் தொழிலைப்பற்றிப் பேச ஆட்களுண்டு. செப்பனிடும் தொழிலைப்பற்றிப் பேசுவோர் யார்? மாடிப்படியின் கீழ் இருக்கும் பெரியவருக்குச் சீடன் ஒருவனுமில்லை.

பணங்கொடுத்து வாங்கிய பொருள் நமதென்று சட்டம் கூறும். ஆனால் அதைத் திறக்கும் வழியை மறைத்து, மாற்று உறுப்பை மறுத்து, செப்பனிடும் நூலைப் பூட்டி வைத்தால், அவ்வுரிமை காகித உரிமையே. 2022-ல் மத்திய சர்க்கார் செப்பனிடும் உரிமையை ஆராயக் கமிட்டி ஒன்றை நியமித்து, அவ்வருஷ முடிவில் அதற்கென இணையதளம் ஒன்றையும் திறந்தனர். இதனை வரவேற்கிறோம்; எனினும் இது போதாதென்பதை ஒளிக்க மாட்டோம். நூல் வெளிப்பட்டாலும், அது நம் தொழிலாளியின் பாஷையில் இல்லாவிடில் அவனுக்குப் பூட்டிய பெட்டியே. மாடிப்படியின் கீழ் நாம் கண்டது இதுவே: சாஸ்திரம் ஒரு பாஷையில் இருந்தது, கைத்திறன் வேறு பாஷையில் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைக்க நான்கு மாலைகள் போதுமாயிருந்தன.

இங்கிலீஷ் கற்ற இளைஞர்களுக்கு நாம் சொல்வது இதுவே. சுதேசியம் மேடையில் முழங்குவதோடு முடிவதன்று. உங்கள் தெருவிலுள்ள கைத்தொழிலாளி ஒருவரிடம் செல்லுங்கள். அவருக்கு வேண்டிய நூலொன்றைத் தமிழிற் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதி வையுங்கள். நின்ற கடிகாரத்தை மறுபடி ஓட்டலாம். அதை ஓட்டும் கை ஒருமுறை நின்றுவிட்டால், அதற்குப் பாட்டரி எந்தக் கடையிலும் கிடைக்காது.