கரண்ட் இல்லாமல் பானை எப்படிக் குளிர்கிறது?

கத்திரி வெயிலில் திருவண்ணாமலையில் மதியம் கரண்ட் போனால் ஃப்ரிட்ஜ் ஓய்ந்துவிடும். மண்பானை ஓயாது. ஏன்?

பானையைத் தொட்டுப் பாருங்கள், வெளிப்புறம் சில்லென்று ஈரமாக இருக்கும். சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே கசியும் நீர், மேற்பரப்பில் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பங்கைப் பானைக்குள் இருக்கும் நீரே கொடுத்துவிட்டுக் குளிர்கிறது. 10 லிட்டர் நீரின் வெப்பநிலை 1 டிகிரி குறைய, வெறும் 17 கிராம் ஆவியானால் போதும்! வெளிச்சூடும் உள்ளே ஏறிக்கொண்டே இருப்பதால் நடைமுறையில் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ, அவ்வளவு குளிர்ச்சி. 40 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், பானை நீர் 26 டிகிரியை நெருங்க முடியும். கடலோரச் சென்னையின் புழுக்கத்தில் இவ்வளவு குளிர்ச்சி கிடைக்காது. கார்த்திகை மழைக்காலத்தில் திருவண்ணாமலையிலும் கிடைக்காது.

காய்கறிக்கும் இதே வித்தைதான். நைஜீரியாவின் முகமது பா அப்பா 1990களில் பானைக்குள் பானை வைத்து, இடையில் ஈரமணல் நிரப்பி, மின்சாரமில்லாத கிராமங்களுக்குக் கொடுத்தார். கத்தரிக்காய் மூன்று நாளுக்குப் பதில் 27 நாள் தாங்கியது.

பானைக்கு பெயின்ட் அடிக்காதீர்கள், துளைகள் அடைபட்டுவிடும். போர் தண்ணீரின் உப்பும் அப்படியே அடைக்கும். வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, காற்றோட்டமான ஜன்னலோரம் வையுங்கள்.