கடல் வழிவிடும் தீவு

வற்றுப்பெருக்கு என்னும் சொல்லை இளமை தொட்டு யான் அறிவேன். பூமிசாத்திர பாடத்தில் அதைப் படித்தேன். சந்திரனும் சூரியனும் கடல்நீரை ஈர்க்கின்றன. அதனால் ஏறக்குறைய ஒரு நாளில் இருமுறை கடல் பெருகும், இருமுறை வற்றும். உவா நாள்களை அடுத்து அவ்வேறுபாடு மிகும். இதனை ஓதம் என்று நம் முன்னோர் வழங்கினர். ஆயினும் யாழ்ப்பாணத்துக் கரையிற் பிறந்தவனுக்கு இச்சொற்களின் பொருள் முழுமையும் விளங்குவதில்லை. நமது கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றரை எட்டாது. சொல்லின் பொருளைக் கண்ணாற் காண்பதற்கு, ஐம்பத்தாறாம் வயதிலே, இங்கிலாந்தின் வடகிழக்குக் கரைக்கு யான் செல்ல நேர்ந்தது.

என் தமக்கையின் மகன் நியூகாசில் நகரில் எந்திரவியலாளனாக இருக்கிறான். “மாமா, நீங்கள் ஒருமுறை வந்தே ஆகவேண்டும்; கடல் வழிவிடும் தீவொன்றைக் காட்டுகிறேன்” என்று பல காலம் எழுதிக்கொண்டிருந்தான். சென்ற ஆனி மாதத்திலே அது கைகூடிற்று. நோதம்பர்லாந்து மாகாணத்தைச் சேர்ந்த அத்தீவின் பெயர் லிண்டிஸ்பாண். திருத்தீவு என்னும் பொருள்பட ஊரவர் அதனை வழங்குவர்.

முதல்நாள் தீவுக்குச் செல்லவில்லை. அதன் தெற்கே பெருநிலத்தில் உள்ள பாம்பரோவுக்குச் சென்றோம். கரிய தீப்பாறையொன்று கடலோரத்தில் எழுந்து நிற்கிறது; அதன்மேற் கோட்டை. இன்று காணும் கட்டடத்திற் பெரும்பகுதி பிற்காலத்தது. ஆனால் ஏழாம் நூற்றாண்டில் ஒஸ்வால்ட் என்னும் அரசன் அப்பாறையிலிருந்தே நோதம்பிரியா நாட்டை ஆண்டான். தன் மக்களுக்குக் கிறித்துவ சமயத்தைப் போதிக்க, ஸ்கொத்லாந்தின் மேற்கேயுள்ள அயோனாத் தீவிலிருந்து அவன் துறவியரை வேண்டினான். 635 இல் எயிடன் என்னும் துறவி வந்தார். அவருக்கு அந்நாட்டு மொழி நன்கு வாராது. அவர் போதித்தபோது அரசனே அருகிருந்து மொழிபெயர்த்தான் என்று பீட் என்னும் பழைய வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். முடிசூடிய ஒருவன் பிறர் சொல்லுக்கு உரைகாரனாய் நின்றான் என்பதைக் கேட்டபோது, உரை சொல்லிப் பிழைக்கும் எனக்கு உள்ளம் குளிர்ந்தது. எயிடன் தம் மடத்துக்குத் தேர்ந்த இடமே லிண்டிஸ்பாண். கோட்டைப் பாறையிலிருந்து வடக்கே நோக்கினால் அது தெளிவாகத் தெரிகிறது.

அன்று பிற்பகல் சீஹவுசஸ் என்னும் சிறு துறைமுகத்திற் படகேறிப் பாண் தீவுகளைச் சுற்றினோம். அவை கடற்பறவைகளின் இராச்சியம். பபின் என்னும் பறவை கிளியின் மூக்கைப் போன்று வண்ணம் தீட்டிய அலகுடையது; மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு பொரிப்பது. வாய்நிறையச் சிறுமீன்களைக் குறுக்கே கவ்விக்கொண்டு அவை பறந்தன. கடல்நாய்கள் பாறைகளிற் படுத்திருந்தன. அத்தீவுகளுள் ஒன்றிலே கத்பேர்ட் என்னும் துறவி தனித்து வாழ்ந்து 687 இல் உயிர்நீத்தார். அங்குள்ள ஒருவகை வாத்தை அவர் பெயராலேயே மக்கள் இன்றும் அழைக்கின்றனர். அவருடைய உடலை லிண்டிஸ்பாணிலே அடக்கஞ் செய்தனர்.

அக்கடல் அழகுடையது, இரக்கமுடையதன்று. 1838 செப்ரெம்பர் 7 ஆம் நாள் புயலில் ஒரு நீராவிக் கப்பல் அப்பாறைகளில் மோதி உடைந்தது. வெளிச்சவீட்டுக் காவலரும் அவர் மகள் கிரேஸ் டார்லிங்கும் சிறு படகை வலித்துச் சென்றனர். ஒன்பது உயிர்கள் பிழைத்தன. அப்போது அப்பெண்ணுக்கு வயது இருபத்திரண்டு. இருபத்தாறில் நோயால் இறந்தாள். பாம்பரோத் தேவாலய முற்றத்திலே அவளுடைய கல்லறையைக் கண்டோம்.

மறுநாட் காலையிலே தீவுக்குப் புறப்பட்டோம். புறப்படுமுன் மருமகன் ஓர் அட்டவணையைப் பார்த்தான். எந்நாளில் எம்மணிக்கு வீதியைக் கடக்கலாம் என்று உள்ளூராட்சி மன்றத்தார் வெளியிடும் அட்டவணை அது. நாளுக்கு நாள் அந்நேரம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தும். 1954 இல் அமைத்த வீதி கடலின் அடித்தரையிலேயே செல்கிறது. இருமருங்கும் ஈரச் சேறும், கடற்பாசியும், வற்றாத குட்டைகளும். சற்றுத் தள்ளிச் சேற்றின் நடுவே நெடுங்கம்பங்கள் வரிசையாக நின்றன. யாத்திரிகர் பண்டுதொட்டு வெறுங்காலால் நடந்த வழியை அவை காட்டுகின்றன. ஓரிடத்திலே உயர்ந்த கால்களின் மேல் ஒரு பரண்வீடு. அட்டவணையை மதியாது வந்து அகப்பட்டவர்கள் ஏறி உயிர்தப்புவதற்கு அது. ஆண்டுதோறும் அத்தகையோர் உளர் என்று மருமகன் சொன்னான். பாடசாலை மணியை மதியாதாரை நாம் மன்னிக்கலாம். கடலின் மணி மன்னிப்பதில்லை.

தீவிலே ஒரு சிற்றூர். வாழ்வோர் இருநூற்றுக்கும் குறைவு. பழைய மீன்பிடி வள்ளங்களைக் கவிழ்த்துக் கொட்டில்களாக வைத்திருக்கின்றனர். ஒரு குன்றின்மேல் பதினாறாம் நூற்றாண்டுக் கோட்டை நிற்கிறது. புதுடில்லியின் பெரும் மாளிகைகளை வரைந்த லட்டியன்ஸ் என்னும் சிற்பியே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை இல்லமாகத் திருத்தியமைத்தார். ஊரருகே செந்நிறக் கல்லாலாய மடத்தின் இடிபாடுகள். அவை எயிடன் காலத்தவை அல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்த மடத்தவை. கோபுரம் விழுந்துவிட்டது, அதனைத் தாங்கிய ஒரு வளைவு மாத்திரம் வானவில்லைப்போல் அந்தரத்தில் நிற்கிறது.

யான் அங்கே தேடிச் சென்றது கல்லை அன்று, ஒரு சுவடியை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தீவின் ஆயராயிருந்த ஈட்பிரித் என்பவர் நான்கு சுவிசேஷங்களையும் இலத்தீன் மொழியிலே கன்றுத்தோல் ஏடுகளில் எழுதினார். வரைகோலும் வண்ணமும் கொண்டு அவர் இழைத்த கோலங்களைப் படிகளிற் பார்த்தாலே கண் கூசும். 793 இல் வடகடற் கொள்ளையர் மடத்தைச் சூறையாடினர். ஆயினும் துறவியர் அங்கேயே தங்கினர். 875 இல் ஆபத்து மிகவே, கத்பேர்ட்டின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தீவைத் துறந்தனர். சுவடியும் உடன் சென்றது என்பது மரபு. ஏழாண்டு அலைந்து, இடையிலே ஓரூரில் நூறாண்டளவு தங்கி, அவர் வழிவந்தோர் 995 இல் டேர்ஹம் சேர்ந்தனர். அலைந்த காலத்தில் ஒருமுறை சுவடி புயலிற் கடலுள் விழுந்ததென்றும், பின்னர்க் கடல் வழக்கத்தினும் மிக வற்றியபோது பழுதின்றிக் கிடைத்ததென்றும் பன்னிரண்டாம் நூற்றாண்டு வரலாறொன்று கூறும். இது மெய்யோ அன்றோ, ஏட்டை இழக்க மனமில்லாதார் மனத்திற் பிறந்த கதை என்பதில் எனக்கு ஐயமில்லை.

சுவடியின் வரலாற்றில் என் நெஞ்சைக் கவர்ந்த பகுதி வேறு. பத்தாம் நூற்றாண்டில் அல்ட்ரெட் என்னும் குரு, இலத்தீன் வரிகளுக்கு இடையே, சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்திலே பொருள் எழுதினார். நம் வழக்கிற் சொன்னால் அது பதவுரை. இன்று கிடைக்கும் ஆங்கிலச் சுவிசேஷ மொழிபெயர்ப்புகளுள் அதுவே மிகப் பழையது. எழுதினவர் ஈட்பிரித் என்பதும் அல்ட்ரெட் இறுதியில் வரைந்த குறிப்பாலேயே நமக்குத் தெரியவருகிறது. நம் மொழியிலும் ஏடெழுதினோர் பலரை மறந்தோம். வழக்கொழிந்த நூல்கள் பலவற்றின் பெயரையும் அடிகளையும் உரைகாரர் தயவாலேயே அறிகிறோம். மூலச் சுவடி இப்போது இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. தீவிலே அது இல்லை. உயிரோடு இருப்பதற்காகவே அது அங்கிருந்து போயிற்று.

நண்பகல் கழியக் கடல் வந்தது. அலையெறிந்து வரவில்லை, அரவமின்றி வந்தது. குட்டைகள் ஒன்றையொன்று தொட்டன. நாம் வந்த வீதி முனையிலிருந்து மறைந்தது. “மாமா, இனி ஐந்து மணித்தியாலத்துக்கு ஒருவரும் வரவும் ஏலாது, போகவும் ஏலாது” என்றான் மருமகன். கரையிலே ஒரு கல்லில் அமர்ந்தோம். சிறிது நேரம் பொறுத்து அவன் கேட்டான்: “எங்கள் வீட்டிலும் ஓர் ஏட்டுச் சுவடி இருந்ததென்று அம்மா சொல்லுவா. அதை ஏன் நீங்கள் கொண்டுவரவில்லை?”

இருந்தது. என் பூட்டனார் எழுதிய நன்னூல் ஏடு. பாட்டனார் அதனை வைத்துப் பாடஞ்சொன்னவர். தாம் கண்ட நயங்களையும் ஐயங்களையும் சிறு கடதாசித் துண்டுகளில் எழுதி ஏடுகளினிடையே செருகியிருந்தார். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது அது வீட்டுப் பரணில் இருந்தது. மழை, இருள், நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடிக்கு அடி நகரும் சனத்திரள். இரண்டு நாளில் திரும்பிவிடுவோம் என்று எண்ணினேன். அடுத்த ஆண்டு திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, பரண் இல்லை.

“இரண்டு கையிலும் இடமிருக்கவில்லை, தம்பி” என்றேன்.

இடக்கையில் யார் இருந்தார் என்று யான் சொல்லவில்லை. அப்போது அவனுக்கு மூன்று வயது. கணக்கில் வல்லவன், எண்ணிப் பார்த்திருப்பான். ஒன்றும் பேசாது எழுந்து சென்று இருவருக்கும் தேநீர் வாங்கி வந்தான். வலக்கையில் இருந்ததையும் யான் சொல்லவில்லை. அது என் சான்றிதழ்ப் பெட்டி. குழந்தையை விட்டு ஏட்டை எடுத்திருக்க ஒருவராலும் முடியாது. பெட்டியை விட்டு எடுத்திருக்கலாம். சான்றிதழுக்கு மறுபடி பெறலாம்; பாட்டனாரின் துண்டுகளுக்கு மறுபடி இல்லை. இதனை முப்பது ஆண்டாக யான் எவரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஊர் திரும்பியபின் ஒரு கொப்பியை எடுத்து, பாட்டனார் வாயாற் சொல்லக் கேட்டவற்றுள் நினைவில் நிற்பனவற்றைச் சூத்திர வரிசையில் எழுதி வருகிறேன். எழுத்ததிகாரத்தில் அறுபது சூத்திரங்களுக்குக் குறிப்புகள் தேறியுள்ளன. அவை ஏடாகா, உரையின் நிழலாகலாம். ஆசிரிய நண்பர்களையும் மாணவர்களையும் வேண்டுவது ஒன்றே. உங்கள் வீட்டுப் பரணில் ஓர் ஏடோ, பழைய கொப்பியோ இருந்தால் இந்தக் கிழமையே இறக்குங்கள். படியெடுங்கள், படம்பிடியுங்கள். அதற்கு உதவ, 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தைப் போன்ற முயற்சிகள் நம்மிடையே உள்ளன. அதனை வாசிக்க வல்ல முதியவர் ஒருவர் இருந்தால் அருகிருந்து பொருள் கேட்டு எழுதுங்கள்.

அன்று மாலை கடல் மெல்ல வற்றியது. முதலிற் கம்பங்களின் அடி தெரிந்தது. பின்னர் வீதி தெரிந்தது. மருமகன் அட்டவணையையும் கைக்கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்தான். “இன்னும் பத்து நிமிடம், மாமா” என்றான். பத்து நிமிடமும் பொறுத்திருந்து, பிறகு கடந்தோம்.