பூசான் இருக்கட்டும், முதலில் சூலூர்பேட்டை!

சித்தூரிலும் திருப்பதியிலும் கல்லூரிப் பெண்பிள்ளைகளிடம் எந்த ஊருக்குப் போக ஆசை என்று கேட்டால், தென்கொரியாவின் பூசான் என்று சொல்பவர்கள் இப்போது உண்டு. பி.டி.எஸ். இசைக்குழுவின் ஜிமினும் ஜங்குக்கும் பிறந்த ஊர் அது. 2016-இல் வந்த ‘ட்ரெய்ன் டு பூசான்’ படம் பார்த்து அந்தப் பெயரை மனதில் ஏற்றிக்கொண்ட பையன்களும் இருக்கிறார்கள். ஆசையில் தவறே இல்லை. ஆனால் விசா, விமானம், தங்கும் அறை என்று கணக்குப் போட்டால், நடுத்தரக் குடும்பத்துக்கு அது பல வருடச் சேமிப்பு.

பூசானிடம் நான் பொறாமைப்படுவது வேறொன்றுக்கு. மெட்ரோவின் இரண்டாம் தடத்தில் ஏறி ஹேவுண்டே நிலையத்தில் இறங்கினால், கொஞ்ச தூரம் நடந்து மணலில் கால் வைத்துவிடலாம். கோடையில் குளிக்க அனுமதிக்கும் நாட்களில் உயிர்காப்பாளர்கள் காவல் நிற்பார்கள். அன்றாடம் உழைக்கிறவரும் ஒரு ரயில் டிக்கெட் செலவில் கடலைப் பார்த்துத் திரும்பலாம்.

நமக்கும் கடல் வந்திருக்கிறது. 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திர மாவட்டங்களைப் பிரித்தபோது, நெல்லூரோடு இருந்த சூலூர்பேட்டையும் நாயுடுபேட்டையும் புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தன. திருப்பதியும் சேர்ந்திருந்த பழைய சித்தூர் மாவட்டத்துக்குக் கடலே கிடையாது. அதனால்தானோ என்னவோ, இன்றும் நம் வீடுகளில் கடல் என்றால் சென்னை மெரினாதான்.

அடுத்த மாற்றம் 2025 ஆகஸ்ட் 15-இல் வந்தது. அன்று தொடங்கிய ‘ஸ்த்ரீ சக்தி’ திட்டத்தில், ஆந்திராவில் வசிக்கும் பெண்கள் பல்லெ வெலுகு, எக்ஸ்பிரஸ் பஸ்களில் ஆதாரைக் காட்டி இலவசமாகப் போகலாம். மாநிலம் தாண்டும் பஸ்களுக்கு இது செல்லாது. ஆக, சென்னைக்குக் காசு கொடுத்துப் போகவேண்டிய அம்மாவும் பாட்டியும் அத்தையும் சூலூர்பேட்டைக்குச் சும்மாவே போய் வரலாம். குடும்பச் செலவுக் கணக்கில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, நாலு பேருக்கு டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்குத் தெரியும்.

திருப்பதியிலிருந்து காளஹஸ்தி, நாயுடுபேட்டை வழியாக சூலூர்பேட்டை ஏறக்குறைய 90 கிலோமீட்டர். சித்தூர்க்காரர்கள் விடியுமுன் முதல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டால் சாப்பாட்டுச் செலவும் இல்லை. சூலூர்பேட்டை ஊரிலேயே காளங்கி ஆற்றங்கரையில் செங்காளம்மன் கோயில் இருக்கிறது. ராக்கெட் ஏவுமுன் இஸ்ரோ தலைவர்கள் வந்து கும்பிடுகிற அம்மன்.

அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை, பழவேற்காடு ஏரியை நடுவில் பிளந்துகொண்டு ஓடுகிறது. இந்தப் பயணத்தின் உயிரே அந்தச் சாலைதான். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. மழைக்காலம் முடிந்து தண்ணீர் வற்றத் தொடங்கும்போது பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். தலையைக் கவிழ்த்து, சேற்றுத் தண்ணீரை அலகால் வடிகட்டி மேயும். ஒன்று கிளம்பினால் போதும், வரிசையே எழும். அதுவரை வெள்ளையாகத் தெரிந்த கூட்டத்தின் சிறகுக்குள்ளிருந்து செம்மை விரியும். பிள்ளைகள் கத்துவார்கள், கத்தட்டும். பக்கத்திலேயே நேலபட்டு சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் போவது நல்லது. ஜனவரியில் பூநாரைத் திருவிழா நடக்கும் வருடமானால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ராக்கெட் ஏவும் நாளாக அமைந்தால் அதிர்ஷ்டம். ஸ்ரீஹரிகோட்டாவின் பார்வையாளர் மாடம் 2019 மார்ச் 31-இல் திறக்கப்பட்டது, மறுநாளே பி.எஸ்.எல்.வி. சி-45 பறந்ததை மக்கள் அங்கிருந்து பார்த்தார்கள். ஆன்லைனில் முன்பதிவு செய்தால் போதும், கட்டணம் இல்லை.

அலையில் கால் நனைக்க, வாகாடு பக்கம் தூப்பிலிபாளையம் இருக்கிறது. வாகாட்டிலிருந்து ஆட்டோ பேசும்போது திரும்பி வருவதற்கும் சேர்த்தே பேசிவிடுங்கள். அங்கே முழங்காலுக்கு மேல் இறங்கவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துப்போகும் கடல் இது. மீனவர்களின் படகில் ஏற்றிவிடச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. 2011 கிறிஸ்துமஸ் அன்று தமிழகப் பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

ஹேவுண்டேயின் உயரமான ஹோட்டல்கள் நமக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பதியிலிருந்து நேராகத் தூப்பிலிபாளையம் போய், பொழுது சாய்வதற்குள் திரும்புகிற ஒரு எக்ஸ்பிரஸ் பஸ், பெண்கள் உடை மாற்ற ஓர் அறை, கழிப்பறை, கரையில் விசிலோடு நிற்கும் இரண்டு உயிர்காப்பாளர்கள். இவ்வளவு இருந்தால் எத்தனையோ பாட்டிகள் முதல்முறையாகக் கடல் பார்ப்பார்கள். கோடை விடுமுறைக்கு முன்பே ஊர்ப் பெண்கள் கையெழுத்துப் போட்டு பஸ் டிப்போவில் மனுக் கொடுக்கலாம்.