கிணற்றுக்குள் கடல்! காட்டிக் கொடுத்தது மின்சாரம்

உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயும். சர்க்கரைத் தண்ணீரில் பாயாது!

உப்பும் வெள்ளை, சர்க்கரையும் வெள்ளை. தண்ணீரில் போட்டால் இரண்டும் கரைந்து மறைந்துவிடுகின்றன. அப்படி இருக்க, ஏன் இந்த வித்தியாசம்?

"இது பள்ளிக்கூடப் பாடம், நமக்கு எதற்கு?" என்று நினைக்க வேண்டாம். திருவள்ளூர் மாவட்டம் மீஞ்சூர் வட்டாரத்தில், நல்ல தண்ணீர்க் கிணறுகளுக்குள் கடல் நுழைந்துவிட்டது. அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை அளந்து சொல்ல, இந்த வித்தியாசம்தான் உதவியது.

சின்னச் சோதனை

ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று. மின்தடை சேர்த்த சிறிய எல்.இ.டி. விளக்கு ஒன்று, கொஞ்சம் ஒயர். ஒயரின் இரு முனைகளையும், ஒன்றை ஒன்று தொடாமல், ஒரு டம்ளர் தண்ணீரில் வைக்க வேண்டும். தண்ணீர் மட்டும், கார் பேட்டரிக்கு ஊற்றுகிறார்களே, அந்தக் காய்ச்சி வடித்த தண்ணீராக இருக்க வேண்டும்.

விளக்கு எரியாது. சர்க்கரை போட்டுக் கலக்கினாலும் எரியாது. வேறு டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுப் பாருங்கள். பளிச் என்று எரியும்! எலுமிச்சம் பழச் சாறு விட்டால் மங்கலாக எரியும்.

(வீட்டு மின்சாரத்தில் யாரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது. உயிருக்கே ஆபத்து. பேட்டரி மட்டுமே!)

நான் முதலில் செய்தபோது ஏமாந்து போனேன். கிணற்றுத் தண்ணீரில் சர்க்கரையைப் போட்டேன். விளக்கு எரிந்துவிட்டது! பிறகுதான் புரிந்தது. விளக்கை எரிய வைத்தது சர்க்கரை அல்ல. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஏற்கனவே உப்பு இருந்தது.

ஜோடி பிரிகிறது

உப்பு என்பது சோடியம், குளோரின் என்ற இரண்டும் சேர்ந்தது. தண்ணீரில் விழுந்ததும், திருவிழாக் கூட்டத்தில் புருஷனும் பெண்சாதியும் பிரிந்து போவதுபோல, இரண்டும் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. ஒன்றில் நேர் மின்சாரம் இருக்கிறது. மற்றதில் எதிர் மின்சாரம் இருக்கிறது. இந்தத் துகள்களுக்கு "அயனி" என்று பெயர். பேட்டரியை இணைத்தால் ஒன்று இந்தப் பக்கமும், மற்றது அந்தப் பக்கமும் ஓடுகின்றன. அந்த ஓட்டம்தான் தண்ணீரில் பாயும் மின்சாரம்.

சர்க்கரையும் கரைகிறது. ஆனால் அதன் ஒவ்வொரு துகளும் உடையாமல் முழுசாகவே நிற்கிறது. அதில் மின்சாரம் இல்லை. ஆகவே அது எந்தப் பக்கமும் ஓடாது.

உப்பைப் போன்றவை மின்பகுளிகள். சர்க்கரை, கிளிசரின் போன்றவை மின்பகாப் பொருள்கள். எலுமிச்சைச் சாற்றில் உள்ள அமிலம் கொஞ்சம்தான் பிரியும். அதனால்தான் மங்கலான வெளிச்சம்.

இதை முதலில் சொன்னவர் சுவீடன் நாட்டு இளைஞர் அரீனியஸ். 1884-இல், தம் 25-வது வயதில், டாக்டர் பட்டத்துக்காக இதை எழுதினார். பேராசிரியர்கள் நம்பவில்லை. ஏதோ தேறினார் என்று சொல்லும்படியாக, மிகக் குறைந்த தகுதியே கொடுத்தார்கள். அதே கருத்துக்காக 1903-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது!

மீஞ்சூரில் நடந்தது

இனி மீஞ்சூருக்கு வருவோம். ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் பாயும் பூமி இது. மண்ணுக்கு அடியில் மணல் அடுக்குகளில் நல்ல தண்ணீர் நிறைந்திருந்தது. 1960-களின் கடைசியில், சென்னை நகரின் தாகத்தைத் தீர்க்க இங்கே ஆழ்குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. வயலுக்கும் மோட்டார் வைத்து இறைத்தார்கள்.

பூமிக்கு அடியில் நல்ல தண்ணீர் நிறைந்திருக்கும் வரை, அது கடல் தண்ணீரை உள்ளே விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். பெய்யும் மழையைவிட இறைப்பு அதிகமானால் அந்தத் தள்ளும் பலம் போய்விடும். கடல் மெல்ல உள்ளே வரும். 1969-இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோ மீட்டர் வரை வந்திருந்த உப்பு, 1983-இல் சுமார் 9 கிலோ மீட்டர் வரை வந்துவிட்டது! பிறகு இன்னும் முன்னேறியது.

நெல் உப்பைத் தாங்காது. நாற்றாக இருக்கும்போது அறவே தாங்காது. கிணறு கரித்துப் போனால் விவசாயி என்ன செய்வார்? நிலம் இருக்கும்; தண்ணீரும் இருக்கும்; விளைச்சல் இருக்காது.

நாக்கு கரிப்பை உணரும்போது காலம் கடந்திருக்கும். மீட்டர் முன்பே சொல்லிவிடும். கிணற்று நீரில் அதை நனைத்தால், எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்று எண்ணில் காட்டும். அளவின் பெயர் "மைக்ரோ சீமென்ஸ்". நல்ல குடிநீர் சில நூறு காட்டும். கடல் நீர் சுமார் 50,000 காட்டும். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது அல்லவா? கிணறே இல்லாத இடத்திலும், தரையில் இரும்புக் கம்பிகளை அடித்து, மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி ஆராய்ந்திருக்கிறார்கள். மின்சாரம் சுலபமாகப் பாயும் இடத்தில் உப்புத் தண்ணீர் இருக்கலாம் என்று கணக்கு. களிமண்ணும் அப்படியே காட்டும் என்பதால், கிணற்று நீரையும் சோதித்தே முடிவு செய்வார்கள்.

கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைகளிலும் இதே மீட்டருக்கு வேலை உண்டு. கொதிகலனுக்குள் போகும் தண்ணீரில் உப்பு ஏறினால் குழாயில் படிந்து கெடுத்துவிடும்.

மீட்டருக்குத் தெரியாதது

இப்போது பேனா அளவில் இந்த மீட்டரை விற்கிறார்கள். வீட்டுக்கே வந்து தண்ணீரில் வைத்துக் காட்டி, "எண் குறைவு, நல்ல தண்ணீர்!" என்கிறார்கள்.

இங்கேதான் சர்க்கரையை நினைத்துக்கொள்ள வேண்டும். ஒரு டம்ளர் நிறையச் சர்க்கரை கரைத்தாலும் மீட்டர் அசையாது. அதுபோலவே, அயனியாகப் பிரியாத பூச்சிமருந்து கலந்திருந்தாலும் அதற்குத் தெரியாது. காலரா கிருமி இருந்தாலும் தெரியாது. மீட்டர் சொல்வது உப்புக் கணக்கு மட்டுமே. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்திருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை. ஆனால் கிருமிக்குத் தனிப் பரிசோதனை வேண்டும். அதுவரை காய்ச்சிக் குடிப்பதே நல்லது.

கடல் உள்ளே வந்த அதே வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், 2010-இல் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. தினம் 10 கோடி லிட்டர் தரும்படி கட்டப்பட்டது. மெல்லிய சவ்வுகளின் வழியே கடல் நீரை மிகுந்த அழுத்தத்துடன் தள்ளினால், தண்ணீர் மட்டும் வெளியே வரும்; உப்பு பின்தங்கிவிடும். இப்படி உப்பைப் பிரிக்க ஏராளமான மின்சாரம் செலவாகிறது.

ஆறுகளில் தடுப்பணைகள் கட்டி மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் வேலையும் நடந்திருக்கிறது. அதற்குச் செலவு குறைவு. அணைக்கு அருகே உள்ள கிணற்றில், ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்த பிறகு மீட்டரை நனைத்தால், சித்திரையில் காட்டியதைவிட எண் இறங்கியிருக்கும்.