பலர் போட்ட பணத்தில் ஒரு பேய்க்கப்பல்!

வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குப் பிழைக்க வந்தவர்களுக்கும், போடிமெட்டு ஏறி இடுக்கித் தோட்டங்களில் குடியேறியவர்களுக்கும் சீட்டு என்றால் என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருபது பேர் மாதம் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போடுவார்கள். மாதம் ஒருவர் எடுப்பார். ஒருவருக்குப் பெண் கல்யாணம், இன்னொருவருக்குக் கூரை மாற்ற வேண்டும். கேரளத்தில் இதற்குக் குறி என்று பெயர். மாநில அரசே 1969-ல் திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு கே.எஸ்.எப்.இ. என்ற நிறுவனத்தைத் தொடங்கிச் சீட்டு நடத்தி வருகிறது.

புதுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துக்காரர்களுக்கு மொய்விருந்து தெரியும். ஆடி, ஆவணி மாதங்களில் பந்தல் போட்டுக் கறிச்சோறு பரிமாறுவார்கள். சாப்பிட்டவர் மொய் எழுதிவிட்டுப் போவார். நோட்டில் பெயரும் தொகையும் ஏறும். மறுமுறை அவர் வீட்டு விருந்தில் அது கூடுதலாகத் திரும்பியாக வேண்டும். கோழிக்கோடு மாவட்டத்தின் வடகரைப் பக்கம் இதே போன்ற வழக்கத்துக்குப் பணப்பயற்று என்று பெயர்.

இந்தப் பழைய யோசனை இப்போது கடல் கடந்து, முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேர்களுக்கு இடையே நடக்கிறது. திரள்நிதி என்கிறார்கள். "என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. கையில் காசு இல்லை. ஆளுக்குக் கொஞ்சம் கொடுங்கள், செய்து காட்டுகிறேன்" என்று ஒருவர் இணையத்தில் துண்டு விரிக்கிறார். சினிமா, புத்தகம் முதல் கம்ப்யூட்டர் விளையாட்டு வரை இப்படிப் பிறக்கின்றன.

நெப்டியூன் அருகே ஒரு கப்பல்

1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குத் தமிழர்கள் கப்பலேறிய நாடு தென்னாப்பிரிக்கா. அந்த நாட்டைச் சேர்ந்த சகோதரர்கள் கிறிஸ் பிஷாஃப், நிக் பிஷாஃப். கிறிஸ் 2010-ல் ஓய்வு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைத் தயாரிக்கத் தொடங்கினார். அதன் பெயர் 'ஸ்டேஸிஸ்'.

கதை இதுதான். விண்வெளிக் கப்பல் ஒன்றில் நீண்ட உறக்கத்தில் வைக்கப்பட்டிருந்த ஒருவன் விழித்துக்கொள்கிறான். கப்பல் நெப்டியூன் கிரகத்துக்கு அருகில் ஆள் அரவமின்றிக் கிடக்கிறது. உள்ளே பிணங்கள். மனைவியையும் மகளையும் காணவில்லை. அவர்களைத் தேடி அவன் இருட்டில் நடக்க வேண்டும். நடத்திச் செல்பவர் விளையாடுகிறவர்தான். 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' என்று சுஜாதாவின் விஞ்ஞானக் கதைகளை வாரப் பத்திரிகையில் தொடராகப் படித்தவர்களுக்கு இந்தச் சங்கதி புதிதல்ல. இங்கே கதையோடு திகிலும் சேர்கிறது, அவ்வளவே.

இப்படிப்பட்ட விளையாட்டுக்குப் பெரிய கம்பெனிகள் எளிதில் பணம் போடுவதில்லை. ஓடி ஓடிச் சுடும் விளையாட்டுகளுக்கு உள்ள சந்தை, நின்று யோசித்துத் துப்புத் துலக்கும் விளையாட்டுக்கு இல்லை என்பது அவர்கள் கணக்கு. வங்கியோ ஈடு கேட்கும். பேய்க்கதையை ஈடாக வைக்க எந்த வங்கியில் முடியும்?

சகோதரர்கள் 2013 இறுதியில் 'கிக்ஸ்டார்ட்டர்' என்ற அமெரிக்கத் தளத்தில் 1,00,000 டாலர் கேட்டு விண்ணப்பம் வைத்தார்கள். வெறும் கையோடு கேட்கவில்லை. விளையாட்டின் ஒரு பகுதியைச் செய்து, விளையாடிப் பார்க்கவும் கொடுத்தார்கள். கெடு முடிந்தபோது 1,30,000 டாலருக்கு மேல் சேர்ந்திருந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 80 லட்சம் ரூபாய். விளையாட்டுகளுக்கு இசையமைத்துப் பெயர் பெற்ற மார்க் மோர்கன் இசை கொடுத்தார். 2015 ஆகஸ்டில் விளையாட்டு வெளிவந்தது. கொடுத்த வாக்கு நிறைவேறியதால், அடுத்த விளையாட்டான 'பியூட்டிஃபுல் டெசலேஷ'னுக்கும் இதே வழியில் பணம் கிடைத்தது. அது 2020-ல் வெளிவந்தது.

எல்லாம் அல்லது ஒன்றுமில்லை

2009-ல் தொடங்கப்பட்ட கிக்ஸ்டார்ட்டரின் சட்டம் கறாரானது. கேட்பவர் ஒரு தொகையையும் ஒரு கெடுவையும் அறிவிக்க வேண்டும். கெடுவுக்குள் தொகை முழுதும் சேர்ந்தால் பணம் அவருக்கு. ஒரு டாலர் குறைந்தாலும் ஒரு காசு கிடைக்காது. யாருடைய கணக்கிலிருந்தும் பணம் எடுக்கப்படாது. சேர்ந்துவிட்டால் தளம் நூற்றுக்கு ஐந்து வீதம் எடுத்துக்கொள்ளும். பணப் பரிமாற்றச் செலவு தனி.

கொடுத்தவருக்கு என்ன கிடைக்கும்? வட்டி கிடையாது. லாபத்தில் பங்கு கிடையாது. சிறு தொகை கொடுத்தவருக்கு விளையாட்டின் ஒரு பிரதி. கூடக் கொடுத்தவருக்குப் படப் புத்தகம், இசைத் தட்டு போன்றவை. பலருக்கு விளையாட்டின் முடிவில் வரும் பெயர்ப் பட்டியலில் ஓர் இடம். நம் ஊர்க் கோயிலில் டியூப் லைட் வாங்கிக் கொடுத்துவிட்டு, வெளிச்சத்தையே மறைக்கும்படி 'உபயம்' என்று பெயர் எழுதி வைப்பதில்லையா? அதே ஆசைதான்.

பங்குக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை மூணாறுத் தொழிலாளர்களுக்கு எளிதில் புரியும். 2005-ல் டாடா டீ தன் மூணாறுத் தோட்டங்களைக் கைமாற்றியபோது உருவான கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனியில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பங்குதாரர்கள். பங்கு வைத்திருப்பவர் லாபத்தில் பங்கு கேட்கலாம். பொதுக்குழுவில் கேள்வி கேட்கலாம். திரள்நிதியில் கொடுத்தவருக்கு அந்த உரிமை இல்லை. அவர் கையில் இருப்பது ஒரு வாக்குறுதி மட்டுமே.

இணையம் வருவதற்கு முன்பே

இது வெள்ளைக்காரர் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்தால் தவறு. ஷியாம் பெனகல் 1976-ல் எடுத்த 'மந்தன்' என்ற இந்திப் படத்துக்குக் குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். பத்து லட்சம் ரூபாயில் படம் முடிந்தது. வெளியானதும் தங்கள் படத்தைப் பார்க்க அவர்களே லாரியிலும் வண்டியிலும் வந்தார்கள். சீரமைக்கப்பட்ட அப்படம் 2024-ல் கான் விழாவில் திரையிடப்பட்டது.

கேரளத்தின் கதை இன்னும் துணிச்சலானது. தமிழில் 1977-ல் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்து தேசிய விருது பெற்ற ஜான் ஆபிரகாம், 1984-ல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு ஒடேஸா என்ற மக்கள் சினிமா இயக்கத்தைத் தொடங்கினார். தயாரிப்பாளரைத் தேடி அவர்கள் போகவில்லை. பறையடித்து ஊர் ஊராகச் சென்று, சார்லி சாப்ளினின் 'தி கிட்' போன்ற படங்களைத் திரையிட்டு, பார்த்தவர்களிடம் முடிந்ததைக் கொடுக்கச் சொன்னார்கள். சில்லறையாகச் சேர்ந்த அந்தப் பணத்தில் 1986-ல் 'அம்ம அறியான்' உருவானது. வயநாட்டில் கண்ட ஓர் இளைஞனின் சாவை, கொச்சியில் இருக்கும் அவன் தாயிடம் சொல்லப் புறப்படும் நண்பர்களின் கதை. படமும் ஊர் ஊராகவே காட்டப்பட்டது. அடுத்த ஆண்டே, 1987 மே 31-ல், ஜான் ஆபிரகாம் கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். அந்தப் படம் இன்றும் பேசப்படுகிறது.

பெரிங்கோட்டு ஜீப்

பாலக்காடு மாவட்டத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பஞ்சவாத்தியத்துக்குப் பேர் போன பெரிங்கோடு கிராமத்தைச் சேர்ந்தவர் இயக்குநர் சுதேவன். உள்ளூர்க்காரர்களை நடிக்க வைத்துக் குறும்படங்கள் எடுத்து வந்தவர், நண்பர்களும் ஆர்வலர்களும் கொடுத்த சிறு தொகைகளைக் கொண்டு 'சி.ஆர். நம்பர் 89' என்ற முழுப் படத்தை எடுத்தார். கள்ள ஆயுதம் ஏற்றி வந்த ஜீப் ஆளில்லாத இடத்தில் பழுதாகி நிற்கிறது, மெக்கானிக் தேவை. இவ்வளவுதான் முடிச்சு. பெரிய நடிகர்கள் எவருமில்லாத அந்தப் படம், 2013-க்கான கேரள அரசின் சிறந்த படம் என்ற விருதைத் தட்டிச் சென்றது. கோடிகளைக் கொட்டிய படங்கள் ஒதுங்கி நின்றன. 2014-ல் சனல்குமார் சசிதரனின் 'ஒராள்ப்பொக்கம்' படமும் இணையத்தில் திரட்டிய நிதியில் உருவாகியது.

விஞ்ஞானக் கற்பனைக்கே வருவோம். பெங்களூரில் பவன்குமார் என்ற கன்னட இயக்குநர், தூக்கம் வராத ஒரு தியேட்டர் ஊழியன் மாத்திரை விழுங்கிக் கனவில் வேறொரு வாழ்க்கை வாழும் கதையை வைத்திருந்தார். தயாரிப்பாளர்கள் கைவிரித்தனர். தன் நிலையை இணையத்தில் எழுதினார். 27 நாட்களில் 110 பேர் சுமார் 50 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். 'லூசியா' என்ற அந்தப் படம் 2013-ல் வெளிவந்து வெற்றி பெற்றது. லண்டன் இந்தியத் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருதும் பெற்றது. 2015-ல் சித்தார்த் நடித்து 'எனக்குள் ஒருவன்' என்று தமிழுக்கும் வந்தது.

விழுந்தவர்களும் உண்டு

வெற்றிக் கதைகளை மட்டும் சொன்னால் அது விளம்பரமாகிவிடும். அமெரிக்காவின் டிம் ஷேஃபர் 2012-ல் ஒரு சாகச விளையாட்டுக்காக 4 லட்சம் டாலர் கேட்டார். 87,000 பேர் சேர்ந்து 33 லட்சம் டாலர் கொடுத்தார்கள். பணம் கூடியதும் திட்டமும் ஊதிப் பெருத்தது. பிறகு அந்தப் பணமும் போதவில்லை. 'புரோக்கன் ஏஜ்' என்ற அந்த விளையாட்டை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியை 2014-லும் மறு பாதியை 2015-லும் வெளியிட்டார்கள். வீடு கட்டத் தொடங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும்.

புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் இந்தியப் புராணப் பின்னணியில் 'ராஜி' என்ற விளையாட்டைத் தயாரித்தது. 2017-ல் கிக்ஸ்டார்ட்டரில் கேட்டார்கள், தொகை எட்டவில்லை. சட்டப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. நிறுவனர்களில் ஒருவர் தம் வீட்டையே விற்று வேலையைத் தொடர்ந்தார். 2020-ல் விளையாட்டு வெளிவந்து உலகெங்கும் பாராட்டுப் பெற்றது. ஆனால் வீட்டை விற்கும் துணிவை எல்லாரிடமும் எதிர்பார்க்க முடியாது. அதே சமயம், பைரோடாக்டைல் என்ற சிறு இந்திய நிறுவனம் 2013-ல் 'அன்ரெஸ்ட்' விளையாட்டுக்காக 3,000 டாலர் மட்டும் கேட்டு, அதைப் போல் பத்து மடங்குக்கு மேல் பெற்றது. அளவாகக் கேட்டவருக்கு அதிகமாகவே கிடைத்தது.

கொடுக்கும் முன்

சம்பளத்தை எண்ணிச் செலவழிப்பவர்களுக்கு ஒரு நூறு ரூபாயும் பெரிது. 2012-ல் ஈமு கோழி வளர்ப்பில் பணம் போட்டுக் கொங்கு நாட்டுக் குடும்பங்கள் பட்ட பாடு மறக்கவில்லை. கேரளத்தில் 'பிளேடு கம்பெனி' என்ற சொல் எப்படிப் பிறந்தது என்பதும் தெரிந்ததே. ஆகவே சில விஷயங்களை மனத்தில் கொள்வது நல்லது.

திரள்நிதி கேட்பவர் "இரட்டிப்பாகத் திருப்பித் தருகிறேன்" என்றால், அது திரள்நிதி அல்ல. அனுமதியின்றி அப்படிப் பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்குவதைத் தடுக்க 2019-ல் மத்திய அரசு தனிச் சட்டமே கொண்டு வந்தது. "கம்பெனியில் பங்கு தருகிறேன்" என்றாலும் எச்சரிக்கை தேவை. தனியார் கம்பெனி ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் பங்கு வாங்க அழைக்கக் கூடாது என்பது 2013 கம்பெனிச் சட்ட விதிகள். இணையம் வழியே பங்கு விற்பது பற்றி செபி 2014-ல் ஆலோசனைக் குறிப்பு வெளியிட்டது.

கேட்பவர் இதற்கு முன் எதையாவது செய்து முடித்திருக்கிறாரா? மாதிரி காட்டுகிறாரா? பணம் எந்தெந்த இனத்தில் செலவாகும் என்று கணக்குச் சொல்கிறாரா? இவற்றுக்குப் பதில் இருந்தால் யோசிக்கலாம். அப்போதும், போனால் போகட்டும் என்று மனம் சொல்லும் தொகைக்கு மேல் கொடுக்கக் கூடாது. பள்ளிக் கட்டணத்தையோ மருந்துச் செலவையோ இதில் போடுவது புத்திசாலித்தனமல்ல.

நம் மலைகளில் கதைக்குப் பஞ்சமா?

இருளில் மாடாகவும் நாயாகவும் உருமாறி வரும் ஒடியன் கதை பாலக்காட்டு வயல்வெளிகளில் பிறந்தது. பாலைமரத்து யட்சியைப் பற்றிக் கேட்டு நடுங்காத குழந்தை கேரளத்தில் இல்லை. மூணாறு மலைகளிலோ 1924 பெருவெள்ளத்தில் அடித்துப் போய், பிறகு திரும்பவே வராத ரயில் பாதையின் நினைவு இருக்கிறது. நெப்டியூன் வரை போகாமலே திகில் கதைகள் இங்கே கிடக்கின்றன.

லயன் வீடுகளில் வளர்ந்து, கட்டப்பனையிலும் கோவையிலும் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளுக்குக் கைத்திறன் இருக்கிறது. அவர்களுக்கு இல்லாதது முதல் பணமும், "செய், பார்க்கலாம்" என்று சொல்லும் நாலு பேரும். அந்த நாலு பேர் இன்று கோழிக்கோட்டிலும் இருக்கலாம், தென்னாப்பிரிக்காவிலும் இருக்கலாம். ஆனால் வாங்குகிற பிள்ளை மொய்விருந்து நோட்டை மறக்கக் கூடாது. யார் எவ்வளவு கொடுத்தார் என்பது அதில் அழியாமல் இருக்கும். கணக்குத் தீரும் வரை அந்த நோட்டை யாரும் பரணில் தூக்கிப் போடுவதில்லை.